அடுத்த விசேஷத்துக்கும் அழையுங்கள்

ஜூன் 8, ஞாயிறு

விமலா டீச்சருக்கு முதலில் ஒரு வார்த்தை. இந்த நோட்டில் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்காது. சில கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். சில மேல் வரியில் போய்த் தலையை முட்டும். 'ழ' எழுதும்போது மட்டும் கை நடுங்குகிறது, அதனால் அது நண்டு மாதிரி இருக்கும். அண்டா தூக்கிப் பழகிய கை அறுபத்தொன்பது வயதில் பேனா பிடித்தால் இப்படித்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோன்றும்போதெல்லாம் எழுதுங்கள், ஞாயிறு முதியோர் வகுப்பில் திருத்தித் தருகிறேன் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். என் பெயர் சென்னியப்பன். தாராபுரத்தில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, குண்டா, கரண்டி, சேர், ஜமுக்காளம், பந்தல், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி, எல்லாம் உண்டு. கடைக்கு என் மனைவி பெயர்தான். அவள் போன பிறகு மகள் கோதைதான் கடையைப் பார்க்கிறாள். அவளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. எது எங்கே போயிருக்கிறது என்பது என் தலையில் இருக்கும், அவள் எழுதிக்கொள்வாள்.

இன்று ஓர் அண்டாவைத் துடைக்கும்போது விளிம்பில் வெட்டியிருந்த பெயரைப் படித்தேன். மயிலாத்தாள். இத்தனை வருடம் நெளிவை வைத்துத்தான் எங்கள் பாத்திரத்தை அடையாளம் கண்டேன். இன்று பெயரை வைத்துக் கண்டேன். அந்தச் சந்தோஷத்தில் கடையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். கரண்டிகளில் பாதி உடுமலைக்காரர் ஒருவருடையது. அதைக் கோதையிடம் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

கோயமுத்தூரிலிருந்து எட்வின் என்பவர் வந்தார். சின்ன கம்பெனி வைத்திருக்கிறார். கோதைதான் வரச் சொல்லியிருந்தாள். எங்கள் கடைக்கு ஒரு சாப்ட்வேர் செய்யப் போகிறார்கள்.

கடையில் விற்கிற சாப்ட்வேர் நமக்கு உதவாதாம். அது பொருளை விற்றுவிட்டு மறந்துவிடுமாம். நம் பொருள் போய்த் திரும்பி வருவது. அதனால் நமக்கென்று தனியாக, தையல்காரர் அளவெடுப்பது போல அளவெடுத்துத் தைக்க வேண்டும் என்றார்.

"முதல்ல திட்டம் போடணும் ஐயா. உங்களுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். அப்புறம் நீங்க படிச்சுப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம்தான் வேலைய ஆரம்பிப்போம். நடுவுல மாத்துனா கஷ்டம்."

"அப்பா படிப்பாருங்க. இப்பப் படிக்கறாரு" என்றாள் கோதை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நான் இதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாம் கைநாட்டு. முதல் கையெழுத்து இந்தத் திட்டத்தில்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். 'ன்னி' மட்டும் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பொள்ளாச்சித் தணிகாசலம் மறுபடியும் வந்திருந்தார். தேங்காய் நார் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. கம்பெனி விழாவுக்குச் சேர் வேண்டுமாம்.

எங்கள் டெம்போ ஓட்டும் மாரப்பன் என் காதில், "ஏனுங்கண்ணா, பொள்ளாச்சியில ஒருத்தரும் நின்னுட்டே இருக்கறாங்களா? சேரு கெடைக்கலையா?" என்றான்.

"உனக்கென்ன, வாடகை வருதல்ல" என்றேன்.

"வாடகை வருதுங்க. கோதை அவருக்குக் குடுக்கற இஞ்சி தட்டிப்போட்ட டீதான் நமக்கு வர்றதில்ல."

அவர் போன பிறகு கோதை வந்து என் எதிரில் சேரைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லோணும். அவரு ஆவணியில கல்யாணத்த வெச்சுக்கலாமான்னு கேக்கறாரு. எனக்குச் சம்மதந்தானுங்கப்பா."

"நல்ல மனுசனாத்தான் தெரியுது" என்றேன்.

"ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கறேன். சாப்ட்வேர் முடிஞ்சு, கடை நானில்லாம ஓடோணும். மாரண்ணன் பாத்துச் செய்யற மாதிரி ஆயிருச்சுன்னாத்தான் வருவேன்னு சொல்லியிருக்கறேன்."

"அது சரிதான்" என்றேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் எல்லா போர்டையும் படித்தேன். பொள்ளாச்சி வண்டி அடிக்கடி இருக்கிறது. தூரமும் அதிகமில்லை.

ஜூன் 18, புதன்

எட்வின் திட்டத்தை அச்சடித்துக் கொண்டுவந்தார். கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் பொருள், ஒரு கட்டத்தில் போகும் தேதி, ஒரு கட்டத்தில் திரும்பும் தேதி. முழுவதும் நானே படித்தேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது, ஆனால் படித்துவிட்டேன். நன்றாக இருக்கிறது.

"அப்ப கையெழுத்து?" என்று பேனாவை நீட்டினார்.

கரண்டி என்று ஒரே கட்டம்தான் இருந்தது. சாம்பார்க் கரண்டி வேறு, ரசக் கரண்டி வேறு, பொரியல் கரண்டி வேறு, ஜல்லிக் கரண்டி வேறு என்று சொன்னேன். அது நியாயம் என்று எழுதிக்கொண்டார். திருத்தி அடுத்த வாரம் கொண்டுவருவார்.

என் 'ன்னி'யும் இன்னும் சரியாக வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அண்டா போகும்போது எந்த இடத்தில் நெளிவு இருந்தது, வரும்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று எட்வினுக்குப் போனில் சொன்னேன். எந்தச் சமையல் மாஸ்டர் கரண்டியை வளைப்பார், எவர் அடுப்பை அண்டாவோடு சேர்த்துக் கரியாக்குவார் என்பதும் தெரிய வேண்டும். பந்தல் மூங்கிலுக்கு வயது போட வேண்டும். எட்வின், "எழுதிக்கிட்டேன் ஐயா" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கோதை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் எழுதியதை டீச்சர் திருத்திக் கொடுத்தார். பிழை குறைந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில், 'கரண்டி வரை சரி. அதற்கு மேலும் கேட்கப் போகிறீர்களா?' என்று எழுதியிருக்கிறார்.

பதில்: சாப்ட்வேர் நன்றாக வர வேண்டும் என்பதற்காகத்தான் டீச்சர்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று எழுத வரவில்லை. ஓர் இடத்தில் உட்காரவும் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய்வந்தேன்.

ஜூன் 25, புதன்

எட்வின் மூன்றாவது முறையாக வந்தார். திட்டம் இப்போது நல்ல கனமாக இருக்கிறது. பந்தல் போடும் நாளில் மழை வருமா என்றும் சாப்ட்வேர் முன்கூட்டியே சொன்னால் தேவலை என்றேன்.

எட்வின் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, மழைய நிறுத்தவும் ஒரு பட்டன் வெச்சிரலாமா?"

"அப்படியே பந்தியில ரெண்டாந்தரம் உக்கார்றவன எழுப்பறதுக்கும் ஒண்ணு வெச்சிருங்க சார்" என்றான் மாரப்பன்.

எல்லோரும் சிரித்தோம். கோதை சிரிக்கவில்லை. "இப்பிடியே போனா ஆவணி தாண்டீரும்ங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எட்வின் ஒரு வழி சொன்னார். தாளில் பார்த்தால் ஆசை கூடிக்கொண்டே போகும், அதனால் சின்னதாக ஒரு மாதிரியைச் செய்து கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன், சில நாள் உண்மையான ஆர்டரை அதில் எழுதிப் பாருங்கள், எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரிந்துவிடும் என்றார். பாத்திரம் திரும்பி வந்ததும் வாடிக்கையாளர் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகுமாம்.

"அதுல என்ன எழுதலாம்?" என்று கோதையைக் கேட்டார்.

"அதை நான் எழுதறேன்" என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

எழுதி முடித்தேன். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டதில் தரையெல்லாம் தாள். கடைசியில் வந்தது இது:

'உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களை அழைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த விசேஷத்துக்கும் மறவாமல் அழையுங்கள். அன்புடன், சென்னியப்பன்.'

வகுப்பில் டீச்சர் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஒரு பிழைகூட இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளிக்கிழமையே கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்திருந்த மாதிரியில் எட்வின் அதை அப்படியே போட்டுவிட்டார்.

மத்தியானமே குண்டடம் ரோட்டில் காதுகுத்து வைத்த வீட்டுக்கு முதல் செய்தி போனது. அந்த வீட்டு அம்மாள் போன் செய்து, "ஏனுங்கண்ணா, நீங்களேவா எழுதுனீங்க? நாங்க அத்தன பேரும் படிச்சுப் பாத்தோமுங்க" என்றார்.

நான் எழுதிய ஒன்றை ஒரு வீடு முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறது. இன்று கால் தரையில் பாவவில்லை.

ஜூலை 2, புதன்

காலையில் கோட்டைமேட்டிலிருந்து துரைசாமி போன் செய்தார். அவருடைய அம்மா ரங்கம்மாள் தவறிவிட்டார். மாரப்பன் ஐஸ் பெட்டியும் சேரும் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பினான்.

சாவு வீட்டுக்கு எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. எந்தத் தெரு என்று மட்டும்தான் கேட்போம். யார், எத்தனை நாள், எப்போது திரும்பும் என்று எதுவும் கேட்க மாட்டோம். மாரப்பன் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, வருகிறேன் என்று சொல்லாமல் திரும்பிவிடுவான். அவர்களாகக் கொண்டுவந்து தரும் வரை போன் செய்து கேட்பதும் இல்லை. மயிலாத்தாள் இருந்த காலத்திலிருந்து இப்படித்தான். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மாதிரி சாப்ட்வேர், பெயரும் போன் நம்பரும் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்றது. கோதை துரைசாமி பெயரையும் நம்பரையும் போட்டாள்.

ரங்கம்மாள் நல்ல மனுஷி. என் கல்யாணத்தில் பாடியவர்.

ஜூலை 5, சனி

காலையில் துரைசாமியின் ஆட்கள் ஐஸ் பெட்டியையும் சேரையும் கொண்டுவந்து இறக்கினார்கள். கோதை வந்து சேர்ந்ததாகக் கம்ப்யூட்டரில் குறித்தாள்.

கொஞ்ச நேரத்தில் துரைசாமியே வந்தார். மொட்டை போட்டிருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையில் இருந்த போனைப் பார்த்து நிதானமாகப் படித்தார்.

"உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களை அழைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த விசேஷத்துக்கும் மறவாமல் அழையுங்கள்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் சத்தம் போடவில்லை. போனை மேஜை மேல் வைத்தார்.

"அடுத்தது ஆரைங்க? எங்கப்பனையா, என்னையா?"

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டான். என் வாக்கியம் அந்த மேஜை மேல் வெளிச்சமாகக் கிடந்தது. ஒரு பிழை இல்லை.

"எழுதுனது ஆரு?" என்று கேட்டார்.

"நாந்தானுங்கண்ணா" என்றாள் கோதை. "தப்பு என்னுதுதானுங்க. பாக்காம உட்டுட்டேன்."

அவர் போன பிறகு அவள் கம்ப்யூட்டரை மூடி, ஜமுக்காளம் அடுக்கும் அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

"போதுமுங்கப்பா. இதெல்லாம் நம்ம கடைக்கு ஒத்து வராது. நான் இருக்கும்போதே இப்பிடீன்னா, நானில்லாம எப்பிடி? அவருகிட்டக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லீர்றேன். நான் இங்கயே இருக்கறேன்."

ஜூலை 6, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. கோட்டைமேட்டுக்குப் போனேன்.

துரைசாமி வாசலில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"அத எழுதுனது கோதை இல்லீங்க. நானு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "மாமா, உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"இப்பத்தான் படிச்சேன். அதான், எழுத வந்துருச்சேங்கற மெதப்பு. அது எங்கெங்க போகும்னு நெனைக்கல."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "எங்கம்மா இருந்திருந்தா உழுந்து உழுந்து சிரிச்சிருக்கும்ங்க. சென்னியப்பன் எனக்குக் கடுதாசி போட்டிருக்கறான், அதுவும் நான் போனதுக்கப்பறம்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கும்."

பிறகு அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். எழுந்தபோது ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கோதை எங்கேயும் போகவில்லை. சாப்ட்வேர் பேச்சு இல்லை. எட்வின் போன் செய்தபோது, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டாள். வீடு பழையபடி இருக்கிறது. காலையில் பசி எடுத்தது. இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

கோதை அண்டாக்களைத் தேய்க்கிறாள். அவை போன வாரம் தேய்த்தவை. ஆடி வரப்போகிறது, முகூர்த்தம் கிடையாது, ஓர் ஆர்டரும் இல்லை. ஆனாலும் தேய்க்கிறாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கை ஈரமாக இருக்கிறது என்றாள். நான் எடுத்துப் பார்த்தேன். தணிகாசலம் என்ற பெயரை எழுத்துக் கூட்டாமல், பார்த்த உடனே படிக்க முடிந்தது. அந்த நேரத்தில் அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

மத்தியானம் டீ கொடுத்தாள். இஞ்சி இல்லை.

பஸ் ஸ்டாண்டு போனேன். வந்தேன். மறுபடியும் போனேன்.

ஜூலை 13, ஞாயிறு

டீச்சர் எல்லாப் பக்கத்தையும் படித்தார். இந்த முறை ஓர் இடத்தில்கூடச் சிவப்பு மை இல்லை. நோட்டை மூடிக் கையில் கொடுத்து, "ஐயா, திட்டத்துல நீங்க கேட்டதுல எது கடைக்கு வேணும், எது உங்களுக்கு வேணும்?" என்று கேட்டார். மற்றவர்கள் முன்னால் கேட்காமல் தனியாகக் கேட்டது அவருடைய நல்ல குணம்.

வீட்டுக்கு வந்து என் போனில் ஒரு விரலால் எட்வினுக்கு எழுதினேன். 'புதன் வரவும். திட்டம் கொண்டுவரவும். மழை வேண்டாம்.' அனுப்பிய பிறகுதான் பேனாவும் கொண்டுவரவும் என்று எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது.

ஜூலை 16, புதன்

எட்வின் வந்தார். கோதை ஆச்சரியத்தோடு பார்த்தாள். நான்தான் வரச் சொன்னேன் என்றதும், "எதுக்குங்கப்பா?" என்றாள். உட்கார் என்றேன்.

திட்டத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். மழையை அடித்தேன். மூங்கிலின் வயதை அடித்தேன். நெளிவுப் படங்களை அடித்தேன். எட்வின், "அது நல்லாத்தான் ஐயா இருந்துச்சு, இருக்கட்டுமே" என்றார். வேண்டாம், நெளிவு மாரப்பனுக்கே தெரியும் என்றேன். வளைக்கிற மாஸ்டர்களை அடித்தேன். கரண்டியை மட்டும் விட்டுவைத்தேன். அது கடைக்கு வேண்டியது.

பிறகு கடைசித் தாளில் இடம் இருந்த இடத்தில் நானே எழுதினேன். எல்லோரும் காத்திருந்தார்கள். மாரப்பன் ஒரு டீ குடித்து முடித்தான்.

'துக்க வீடு என்று தனிப் பக்கம் வேண்டும். அதில் தெரு மட்டும் கேட்க வேண்டும். பெயர் கேட்கக் கூடாது. திரும்பும் தேதி கேட்கக் கூடாது. செய்தி எதுவும் போகக் கூடாது.'

எட்வின் அதைப் படித்தார். "இத முதல் நாளே நான் கேட்டிருக்கணும் ஐயா."

"முதல் நாளு நானும் சொல்லலையே. இது ஒரு தேவைன்னே எனக்குத் தோணலைங்க. மூச்சு உடறத ஆரு எழுதி வெப்பாங்க?"

"ஆவணிக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்றும் நானே கேட்டேன்.

"இவ்வளவுதான்னா தாராளமா முடிச்சிரலாம்."

கோதை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டனே."

"நீ சொன்னே. நான் சொல்லல. திட்டத்துல கையெழுத்து என்னுது" என்றேன்.

பேனாவை வாங்கினேன். பழகியபோதெல்லாம் நெருக்கிக்கொண்டு நின்ற 'ன்னி' இன்று நேராக வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. 'செ' சரியாக வந்தது. 'ன்னி'யின் மேல் வளைவு நீண்டுபோய் மேலே இருந்த துக்க வீட்டைத் தொட்டுவிட்டது. 'யப்பன்' கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் படித்தால் அது என் பெயர்தான்.

மாரப்பன் எட்டிப் பார்த்து, "அண்ணா, அப்பிடியே கைநாட்டும் ஒண்ணு வெச்சிருங்க, பேங்குக்காரன் நம்போணுமல்ல" என்றான்.

கோதை சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அம்மியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு எல்லோருக்கும் டீ வந்தது. மாரப்பன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டி, பேசாதே என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

தணிகாசலமும் அவருடைய அக்காவும் நேற்று வந்து போனார்கள். ஆடி நடப்பதால் தட்டு மாற்றவில்லை, பேச்சு மட்டும். ஆவணியில் நாள் பார்த்தாயிற்று. மண்டபம் இங்கேதான். பாத்திரமும் சேரும் எங்கிருந்து என்று அந்த அக்கா கேட்டார். மாரப்பன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

இன்று காலை கோதை கம்ப்யூட்டரை ஜமுக்காள அலமாரியிலிருந்து இறக்கி, மாரப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பழக ஓர் ஆர்டர் வேண்டுமே என்றபோது, இதையே போடுங்கள் என்றேன். அழைப்பவர் பெயர் என்ற கட்டத்தில் மாரப்பன் என் பெயரைப் போட்டான். போன் நம்பர் என்ற கட்டத்தில் என் நம்பரைப் போட்டான். கல்யாணம் முடிந்து, எல்லாம் கழுவித் திரும்பி வந்த அன்று என் போனுக்கு ஒரு செய்தி வரும். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களை அழைத்ததில் மகிழ்ச்சி என்று நானே எனக்குச் சொல்வேன்.

"அத மாத்தீரலாமுங்களா?" என்று கோதை கேட்டாள். இருக்கட்டும் என்றேன். கல்யாண வீட்டுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த விசேஷம் என்பதும் இருக்கட்டும்.

பொள்ளாச்சிக்குப் போன பிறகு இந்த நோட்டைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்ப வேண்டுமாம். கோணலாக இருக்குமே என்றேன். கோணலாகத்தான் வேண்டும் என்றாள். அவள் போவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் பழக்கம் விட்டுவிடக் கூடாது. அடுத்த ஞாயிறு விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதுகிறேன். விஷயம் இருக்கிறது. உடுமலைக்காரர் கரண்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.